மதுவும் ஈகையும்: ஆதிரை காதை தரும் அளவுகோல்

ஈகையைப் போற்றாத தமிழ் நூல் இல்லை. மதுவைக் கடியாத தமிழ் அறநூலும் இல்லை. திருவள்ளுவர் 'ஈகை' என்னும் அதிகாரத்தை இருபத்து மூன்றாவதாக அறத்துப்பாலில் வைத்தார். 'கள்ளுண்ணாமை' என்பதைத் தொண்ணூற்று மூன்றாவதாகப் பொருட்பாலில் வைத்தார். இரண்டும் தனித்தனியே நிற்கும்போது தீர்ப்புக் கூறுதல் எளிது. ஒன்றைக் கொள்க, மற்றொன்றைத் தள்ளுக என்று கூறிவிடலாம். ஆயின், ஒரே கை மதுவை வார்க்கிறது, அதே கை ஏழைக்கும் பள்ளிக்கும் பொருளை நல்குகிறது என்னும் நிலை தோன்றும்போது என் செய்வது? அக்கையைப் பற்றுவதா, விலக்குவதா?

இவ்வினாவிற்கு இருவகை விடைகள் வழங்குகின்றன. பணத்திற்கு மணமில்லை, எவ்வழி வந்ததாயினும் நல்வழியிற் செலவானால் போதும் என்பர் ஒரு சாரார். தீய தொழிலின் நிழல்கூடப் பள்ளியின்மீது படலாகாது என்பர் மற்றொரு சாரார். இரண்டும் ஆராயாமல் எழுந்த விடைகள். இவ்விரண்டிற்கும் இடையே நுண்ணியதோர் அளவுகோல் தமிழ்க் காப்பியம் ஒன்றில் உள்ளது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் பதினாறாவதாகிய 'ஆதிரை பிச்சையிட்ட காதை'யே அது. அக்காதையை அவ்வகையிற் படித்துக் காட்டுதலும், அதனைக் கொண்டு இக்கால வழக்கொன்றை எடைபோடுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூன்வில் என்னும் சிற்றூர்

முதற்கண் இக்கால வழக்கு இன்னதென அறிதல் வேண்டும். அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, ஏறத்தாழ இரண்டரை மணி நேர மகிழுந்துப் பயணத் தொலைவில் பூன்வில் என்னும் சிற்றூர் உள்ளது. மக்கள்தொகை ஆயிரத்தை ஒட்டியது. அங்கு 1987-ஆம் ஆண்டில் ஆண்டர்சன் வேலி என்னும் சிறு மதுவடிசாலை தொடங்கப்பெற்றது. பெருநிறுவனங்கள் ஒரே சுவையில் பெருக்கித் தள்ளும் பீருக்கு மாற்றாக, முளைகட்டிய வாற்கோதுமையையும் ஹாப்பு மலரையும் கொண்டு, சிறு அளவிற் பலவகை பீர்களை வடிக்கும் கைத்தொழில் மரபைச் சேர்ந்தது அது.

1997-ஆம் ஆண்டில் அவ்வடிசாலையார் ஊர்க் கண்காட்சித் திடலில் ஒரு பீர்த் திருவிழாவைத் தொடங்கினர். பிற ஊர் வடிசாலையாரும் தத்தம் பீர்களைக் கொணர்ந்து வார்த்தனர். வந்தவர் நுழைவுச்சீட்டு வாங்கி, கையிலொரு கண்ணாடிக் குவளையுடன் கடை கடையாகச் சென்று சுவைத்தனர். இசையும் உணவும் உடனிருந்தன. வருவாய் உள்ளூர்ப் பொதுநல அமைப்புகளுக்குச் சென்றது. நகரத்தார் பலர் ஒரு நாட்பயணமாக வந்து மீளும் விழாவாக அது புகழ் பெற்றது.

இவ்விழாவின் நன்மைகளை மறைத்துப் பேசுதல் நடுவுநிலை ஆகாது. நகரத்தில் ஈட்டிய பணம் சிற்றூருக்கு வந்தது. தொழில் செய்வோர் தம் ஊரை மறவாதிருந்தனர். மொழியாசிரியர் கருதத்தக்க நன்மை வேறொன்றும் உண்டு. அப்பள்ளத்தாக்கின் மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமக்குள்ளே ஒரு குழூஉக்குறி மொழியை உருவாக்கினர். 'பூண்ட்லிங்' என்பது அதன் பெயர். சார்ல்ஸ் ஆடம்ஸ் என்பார் அதனை ஆராய்ந்து 1971-இல் ஒரு நூலே வெளியிட்டார். அம்மொழியில் 'பால்' என்றால் நல்லது. 'ஹார்ன்' என்றால் பருகுதல். நகரிலிருந்து வருவோன் 'பிரைட்லைட்டர்', அஃதாவது ஒளிவிளக்கு நகரத்தான். இன்று அதனைப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும், அவ்வடிசாலையார் தம் பீர்களுக்கு அம்மொழிச் சொற்களையே பெயராக இட்டமையால், சாகும் நிலையிலுள்ள ஒரு மொழி புட்டிகளின் ஒட்டுத்தாளில் உயிர் தரித்திருக்கிறது. மொழிக்கும் மது புரவலனாயிற்று!

எனினும், இதன் கட்டமைப்பை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலனாகும். மது இல்லையேல் விழா இல்லை. விழா இல்லையேல் கொடை இல்லை. கொடுப்போன் பருகுவதற்காக வருகிறான். பருகியதன் வழியே கொடுத்தவனாகிறான். அறம் செய்த நிறைவும் மது தரும் களிப்பும் அவன் உள்ளத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எது எதற்குத் துணை என்று பிரித்தறிய இயலாதபடி இரண்டும் ஒரே குவளையில் வார்க்கப்படுகின்றன.

மலேசிய மண்ணில்

இஃது எங்கோ நிகழும் வேடிக்கை என்று ஒதுக்கத்தக்கதன்று. பூன்வில் வடிசாலை தோன்றிய அதே 1987-ஆம் ஆண்டில், மலேசியாவில் கார்ல்ஸ்பர்க் நிறுவனம் சீனப் பள்ளிகளுக்குக் கலைநிகழ்ச்சிகள் வாயிலாக நிதி திரட்டும் இயக்கத்தைத் தொடங்கிற்று. 1994-இல் டைகர் பீரின் பெயரால், சின் சியூ நாளிதழின் துணையோடு, அத்தகைய இன்னொரு கல்வி நிதி இயக்கம் தோன்றியது. பல பள்ளிகளின் மண்டபங்களும் வகுப்பறைகளும் இவற்றால் எழுந்தன. 2024 ஜூலையில், சிப்பாங் வட்டாரச் சீனப் பள்ளி ஒன்றின் நிதி நிகழ்ச்சியில் மது நிறுவனச் சின்னம் பொறித்த மாதிரிக் காசோலை மேடையேறியபோது நாடு முழுவதும் விவாதம் எழுந்தது. தாய்மொழிப் பள்ளிகள் அத்தகைய நன்கொடைகளைத் தொடர்ந்து பெறலாம் என்று அமைச்சரவை முடிவு செய்ததாக அதே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. சட்டத்தின் வினாவிற்கு விடை கிடைத்தது. அறத்தின் வினா எஞ்சி நிற்கிறது.

தமிழர்க்கு இவ்வினா புதிதன்று. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை, கோயிலையும் பள்ளியையும் போலவே தோட்ட வாழ்வின் ஓர் உறுப்பாக நிறுவப்பட்டது. தோட்டக் கள்ளுக்கடை இலாபத்தைத் தொழிலாளர் நலப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்னும் ஏற்பாடும் இருந்தது. தொழிலாளியின் கூலி கடைக்குச் சென்று, அதில் ஒரு பகுதி அவனுக்கே 'நன்மை'யாகத் திரும்பி வந்தது. ஆயின், பெற்றவர்கள் அந்நன்மையை எவ்வாறு மதித்தனர்? 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வு முதலிய கோரிக்கைகளோடு கள்ளுக்கடைகளை மூடுக என்பதையும் தொழிலாளர் சேர்த்துரைத்தனர். போருக்குப் பின் கெடா மாநிலத்தில் எழுந்த தொண்டர் படையும் கள்ளுக்கடை மறியலைத் தன் தலையாய பணியாக மேற்கொண்டது. தமக்குச் செய்யப்படுவதாகக் கூறப்பட்ட அறத்தைத் தாமே மறுத்துரைத்த அவ்வெளிய மக்களின் குரல், இவ்வாராய்ச்சியில் மறக்கத்தகாத சான்றாகும்.

காதையின் மறைந்த பாதி

இனிக் காப்பியத்திற்கு வருவோம். ஆதிரை காதை பெரும்பாலும் கற்பின் சிறப்பைக் காட்டும் பகுதியாகவே வகுப்பறைகளில் அறிமுகமாகிறது. கணவன் சாதுவன் கடலில் மாண்டான் எனக் கேட்டு ஆதிரை தீயிற் புகுகிறாள். தீ அவளைச் சுடவில்லை. அவன் உயிரோடிருப்பதாக வானொலி கூறுகிறது. இவ்வளவோடு பாடம் முடிந்துவிடும். நாகர் மலையில் சாதுவன் நடத்திய உரையாடல் ஒரு கடற்கதையாகக் கருதப்பட்டுச் சுருங்கிவிடும். இது காதைக்குச் செய்யும் பெருங்குறையாகும். காதையின் சிந்தனைச் சுமை முழுவதும் அப்பகுதியிலேதான் உள்ளது.

சாதுவன் யார்? மனைவியைப் பிரிந்து, கணிகையிடத்தும் சூதாட்டத்திலும் கைப்பொருள் அனைத்தையும் தொலைத்தவன். வள்ளுவர் வரைவின்மகளிர், கள்ளுண்ணாமை, சூது என்னும் மூன்றையும் 92, 93, 94 என அடுத்தடுத்து வைத்துள்ளமை கற்றோர் அறிந்ததே. அம்மூன்றனுள் முதலாவதிலும் மூன்றாவதிலும் வீழ்ந்தவன் சாதுவன். பொருள் ஈட்டக் கலமேறிச் சென்றான், கலம் உடைந்தது, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையை அடைந்தான். அங்கே அவன்முன் வைக்கப்படுவது அம்மூன்றனுள் நடுவண் உள்ள கள். தூயோன் ஒருவன் மதுவை மறுத்ததாகப் பாடாமல், முன்பே தவறியவன் மறுத்ததாகச் சாத்தனார் பாடியது ஆழ்ந்த கருத்துடையது. மறுப்பதற்குரிய தகுதி பழுதற்ற கடந்தகாலமன்று. தெளிந்த நிகழ்கால அறிவே என்பது அதனாற் பெறப்படும்.

நாகர் மொழியைச் சாதுவன் அறிந்திருந்தமையால் அவர்கள் அவனைக் கொல்லாது தம் தலைவனிடம் கொண்டு சென்றனர். தலைவன் அமர்ந்திருந்த இடத்தில் கள் காய்ச்சும் பானைகளும் எலும்புக் குவியலும் இருந்தன. ஆயினும் அவன் விருந்தோம்பும் பண்புடையவன். இளநங்கை ஒருத்தியையும் கடுங்கள்ளையும் ஊனையும் அளிக்குமாறு பணித்தான். சாதுவன் மறுத்தான். தலைவன் சினந்தான். பெண்டிரும் உண்டியும் இல்லாமல் மாந்தர்க்கு உலகில் என்ன பயன் என்று வினவினான். மயக்கும் கள்ளையும் உயிர்க்கொலையையும் அறிவுடையோர் விலக்கினர் என்று தொடங்கி, வினைப்பயனையும் உயிரின் இயல்பையும் சாதுவன் விளக்கினான்.

நாகன் கேட்ட வினா

காதையின் உச்சம் இதன்பின்னரே வருகிறது. தெளிந்த நாகர் தலைவன் சாதுவன் அடியில் வீழ்ந்து கேட்கிறான்: கள்ளையும் ஊனையும் விட்டால் இவ்வுடம்பில் உயிரைக் காப்பது எவ்வாறு? எம்மால் இயலும் அறத்தை எமக்குக் கூறுக. இதற்குச் சாதுவன் முழுத்துறவைக் கட்டளையிடவில்லை. கலமுடைந்து உயிர் பிழைத்து வருவோரைக் கொல்லாது காக்க வேண்டும், மூத்து இறக்கும் விலங்குகளையன்றிப் பிற உயிர்களைக் கொல்லலாகாது, இவ்விரண்டையே பணிக்கிறான்.

இங்கே ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. தன் மறுப்புரையில் கள்ளையும் கொலையையும் ஒருங்கு வைத்த சாதுவன், இறுதியில் வகுத்த அறத்தில் கொலைக்கு வரம்பிட்டான். கள்ளைப் பற்றி ஒன்றும் கூறாமல் விட்டான். இதனைக் கள்ளுக்கு இசைவு என்று கொள்ளுதல் பொருந்தாது. தீமைகளுள் ஏற்றத்தாழ்வு உண்டு. கேட்போன் ஆற்றலறிந்து கொடியதை முதலில் தடுக்க வேண்டும் என்னும் ஆசிரியத் திறனே அம்மௌனத்தின் பொருள். மூன்றாவது காதையாகிய 'மலர்வனம் புக்க காதை'யில் கட்குடியன் ஒருவன் சமணத் துறவியை வழிமறித்து, தெங்கின் கள்ளில் கொலை உண்டோ என வாதிட்டு, அருந்த அழைக்கிறான். அஃதாவது, கொலையில்லை என்பதாலேயே கள் நன்றாகிவிடும் என்னும் வாதத்தைச் சாத்தனார் அறிந்திருந்தார். அறிந்தே அதனை ஒரு குடியன் வாயில் வைத்து நகைக்கிடமாக்கினார். எனவே, சாதுவனின் மௌனத்தை அக்குடியனின் வாதத்தோடு இணைத்தல் காப்பியத்திற்கு முரணாகும்.

அடுத்து வருவதே இக்கட்டுரைக்கு உயிரான பகுதி. தலைவன் சாதுவனுக்குப் பொருள் அளிக்கிறான். அகில் முதலிய மணப்பொருள்கள், மெல்லிய ஆடைகள், பெருநிதி. அவை எங்ஙனம் வந்தவை? முன்பு கலங்கவிழ்ந்து வந்தவர்களைத் தாம் உண்டதாகவும், அவை அவர்கள்தம் பொருள்கள் என்றும் அவனே வாய்விட்டுக் கூறுகிறான். சாதுவன் அவற்றை ஏற்றுக்கொள்கிறான். சந்திரதத்தன் என்னும் வாணிகனின் கலத்திலேறிப் புகார் மீண்டு, ஆதிரையோடு வாழ்ந்து பல தானங்கள் செய்கிறான். அவ்வாதிரையின் கையிலிருந்தே மணிமேகலையின் அமுதசுரபி முதற்பிச்சையைப் பெறுகிறது.

தீதின்றி வந்த பொருளே அறத்தையும் இன்பத்தையும் தரும் என்பது 'பொருள்செயல்வகை' அதிகாரத்தில் வள்ளுவர் நிறுவிய கொள்கை. அவ்வளவையால் நோக்கின், நாகர் பொருள் தீதின் திரளே. அவ்வாறாயின் சாத்தனார் வழுவினாரா? உண்டவர்களின் பொருளை, உண்ணப்பட்டவர்களின் மக்களுக்கு மீட்டளிக்கச் சாதுவன் முயன்றதாக ஓர் அடியேனும் பாடியிருக்கலாம் என்று கருதுவதில் பிழையில்லை. அக்குறையை ஒப்புக்கொண்டே மேற்செல்லுதல் நேர்மை. ஆயினும், அப்பொருள் கைமாறிய முறையில் நான்கு நிலைகளைக் கவிஞர் ஒழுங்குபட அமைத்துள்ளமை வெளிப்படை.

முதலாவது, மதுவாகவே நீட்டப்பட்ட விருந்து மறுக்கப்பட்டது. இரண்டாவது, கொடுப்போன் தன்னால் இயன்ற அளவிற்குத் தன் ஒழுக்கத்தை மாற்ற இசைந்த பின்னரே கொடை நிகழ்ந்தது. மூன்றாவது, பொருளின் வரலாற்றை அவன் மறைக்கவில்லை; தன் குற்றத்தைத் தானே கூறிக் கொடுத்தான். நான்காவது, அப்பொருளால் விளைந்த தானம் அவன் புகழைப் பாடவில்லை. ஆதிரை பிச்சையிடும்போது அவள் நாவில் எழுவது உயிர்களின் பசி நீங்க வேண்டும் என்னும் வேட்கை மட்டுமே. நாகனின் பெயரோ மலையின் பெயரோ அங்கு இல்லை.

அளவுகோலைப் பொருத்துதல்

ஒப்புமையை மிகைப்படுத்துதல் திறனாய்விற்கு இழுக்கு. மதுவடிசாலையார் நாகர் அல்லர். சட்டம் இசைந்த பொருளை, வயது வந்தோர்க்கு விற்போர். சங்ககாலத் தமிழரும் மதுவைக் கொடையின் ஓர் உறுப்பாகவே போற்றினர். சிறிதளவு கள் கிடைத்தால் தமக்கே தந்துவிடுவான், பெரிதளவு கிடைத்தால் தாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று அதியமான் இறந்தபோது ஔவையார் இரங்கிய பாடல் புறநானூற்றில் உள்ளது. அங்குக் கள் பகிர்வின் அடையாளம், வாணிகத்தின் கருவியன்று. அதியமான் கொடுத்தான், கொடுத்தமையால் அவன் கள்ளின் விற்பனை பெருகவில்லை. இவ்வேறுபாடே இக்கால வழக்கை எடைபோடத் துணைபுரியும்.

பூன்வில் விழாவை இந்நான்கு நிலைகளில் நிறுத்தினால், அங்குக் கொடையும் குவளையும் பிரிக்கவொண்ணாதவை என்பதால் முதல் நிலையிலேயே தடை எழுகிறது. ஆயினும், அங்கு வருவோர் தாம் வந்தது மதுவிற்கே என்பதை அறிந்து வருகின்றனர். அதில் மறைப்பு இல்லை. குழந்தைகளின் கல்விக்கூடம் அதற்கு அரங்காகவும் இல்லை. பெரியோர் தம் விருப்பிற் கூடிய விழாவாக அதனை விட்டுவிடலாம். அதனை அறத்திருவிழா என்று பெயரிடுதல் மட்டும் பொருந்தாது. கொடையும் செய்த களியாட்டம் என்பதே தக்க பெயர்.

பள்ளி மேடைக்கு வரும்போது நிலை வேறு. சின்னம் பொறித்த பெருங்காசோலையின் அருகே பள்ளிச் சீருடையணிந்த சிறுவன் நிறுத்தப்படும்போது, நான்காம் நிலை உடைகிறது. அங்குப் பேசப்படுவது பசியோ கல்வியோ அன்று; கொடுத்தவன் பெயர். மேலும், அச்சிறுவனின் இல்லத்திலேயே மது ஓர் இடரைச் செய்திருக்கக்கூடும். தன் தந்தையின் கூலி கரைந்த இடத்திற்குத் தானே நன்றி கூறும் நிலைக்கு அவனை ஆளாக்குதல், தோட்டக் கள்ளுக்கடை 'நலநிதி'யின் மறுபிறப்பேயாகும். மூன்றாம் நிலையும் அங்கு நிறைவேறுவதில்லை. நாகன் கூறியது போலத் தன் பொருளின் மறுபக்கத்தை எந்த நிறுவனமும் மேடையில் கூறுவதில்லை.

ஆகவே நன்கொடை அனைத்தும் நஞ்சு என்று முடிப்பதா? அதுவும் ஆகாது. பகுதி உதவி பெறும் பள்ளிகள் கட்டடத்திற்கும் தளவாடத்திற்கும் பொதுமக்கள் கொடையையே நம்பி நிற்பதை அறியாதார், எளிதில் அறவுரை கூறிவிடுவர். ஒழுகும் கூரையின்கீழ் அமர்ந்திருக்கும் மாணவனுக்கு அவ்வறவுரை குடையாகாது. சாதுவன் பொருளை மறுக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவன் மறுத்தது குவளையை; ஏற்றது, குவளையினின்றும் பிரிக்கப்பட்ட பொருளை. மதுவின் பெயரும் சின்னமும் இல்லாமல், பெற்றதற்கு ஈடாக விளம்பரம் கேளாமல், மாணாக்கரை மேடையேற்றாமல் வரும் கொடையை ஏற்பதற்கு ஆதிரை காதை இடந்தருகிறது. அவ்வாறு தர இசையாதவனின் கொடை கொடையன்று. விலை கொடுத்து வாங்கிய இடம்.

ஆசிரியர் கடன்

இலக்கியம் தேர்விற்குரிய மனப்பாடப் பகுதியாகச் சுருங்கும்போது, அது வாழ்வின் வழக்குகளில் சாட்சி கூறும் உரிமையை இழக்கிறது. கள்ளுண்ணாமையின் பத்துக் குறட்பாக்களையும் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவன், தன் பள்ளி மண்டபத்தின் வாயிலில் பொறித்த பெயரைக் கண்டு ஒரு வினாவும் எழுப்பாமற் சென்றால், கற்பித்தது முற்றுப்பெறவில்லை என்பதே பொருள். ஆதிரை காதையை வகுப்பறையில் முழுமையாகக் கற்பித்தல் வேண்டும். தீ சுடாத அற்புதத்தோடு நிறுத்தாமல், நாகர் தலைவனின் வினாவையும், சாதுவனின் மறுப்பையும், ஏற்பையும், அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாற்றத்தையும் மாணாக்கர் தாமே விவாதித்து உணரச் செய்தல் வேண்டும். சாதுவன் அப்பொருளை ஏற்றது சரியா என்னும் வினாவிற்கு ஒரே விடை எழுதுமாறு அவர்களைப் பணித்தல் கூடாது. காரணம் காட்டி எழுதுமாறு பணித்தலே தகும்.

தோட்டத் தொழிலாளர் தமக்கு நீட்டப்பட்ட கள்ளுக்கடை நன்மையை மறுத்து உரிமையைக் கேட்டனர். அவர்தம் பேரர்கள் இன்று கற்கும் பள்ளிகளில், ஈவோன் யார் என்பதோடு, அவன் எதனை, எப்பொழுது, எதன் பொருட்டு ஈகிறான் என்று கேட்கும் அறிவு வளர்தல் வேண்டும். பெறுவோனுக்கும் அறம் உண்டு என்பதே ஆதிரை காதை உணர்த்தும் செய்தி. அமுதசுரபியில் இடப்பட்ட முதற்பிடி சோறு அவ்வறத்தைக் கடந்தே வந்தது.